வெள்ளிக்கிழமைக்கு ஒரு மேசை

கிங்ஸ்பரி, லண்டன்
14.09.2025, ஞாயிற்றுக்கிழமை

திருமதி பிலோமினா யோகலிங்கம் அறிவது,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீயும் உன் குடும்பமும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். மார்ச் 2ஆம் திகதி ஞாயிறு அதிகாலை என் மனைவி அருள்நாயகி காலமானதற்கு நீ எழுதிய அனுதாபக் கடிதம் 11ஆம் திகதி கிடைத்தது. உடன்பிறந்த தங்கைக்கு இத்தனை மாதம் கழித்துப் பதில் எழுதுவது முறையல்ல என்பதை அறிவேன்.

எங்கள் கோவிலிலிருந்து ஒரு குழுவாக, மாதாவின் விளக்குத் திருநாளுக்கு, டிசம்பர் 5 வெள்ளி முதல் 8 திங்கள் வரை லியோன் வருகிறோம். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

காரணம் திருநாள் மாத்திரமல்ல. ஆஸ்பத்திரியில் அருள்நாயகி கடைசியாக என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் போனாப் பிறகெண்டாலும் ஒருக்கா பிலோமினாவோட இருந்து சாப்பிடுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்." நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதை நிறைவேற்றாமல் எனக்கு நித்திரை வராது.

ஆனால் 1994 ஜூன் 13ஆம் திகதி திங்கட்கிழமை, அந்தோனியார் திருநாளன்று, நீ ஒரு சைவ சமயக்காரரைக் கைப்பிடித்தாய் என்ற செய்தி வந்தபோது, அந்தப் புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் நின்று, உன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று நான் செய்த சத்தியமும் இருக்கிறது. அதை மீற எனக்கு உரிமையில்லை. ஆகையால் 5ஆம் திகதி வெள்ளி மாலை, லியோனில் ஒரு தகுந்த உணவகத்தில் நாம் இருந்து சாப்பிடலாம். உன் கணவரும் வரலாம். இடத்தை நீ தெரிவி. பொருந்துமா என்று நான் அறிவிக்கிறேன். தொலைபேசி வேண்டாம். நாமிருவரும் பேசத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பது உனக்கும் தெரியும்.

இங்ஙனம்,
கஸ்பர் மரியநாயகம்


லியோன்
25.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அழுதுவிட்டேன். பிரித்து வாசித்த பிறகு சிரித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மன்னார் அரசாங்கக் கச்சேரிச் சேர்க்குலர் மாதிரித்தான் தங்கச்சிக்கு எழுதுவீர்களா?

"கொண்டா, கொண்டா" என்று இவரும் வாங்கி வாசித்தார். "உன் கணவரும் வரலாம்" என்ற இடத்தில் விரலை வைத்து, "பிலோ, எனக்கும் பெர்மிஷன் கிடைச்சிருக்கு" என்றார். அன்று முழுவதும் அவருக்கு ஒரே சந்தோசம்.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இவர் கோப்பை கழுவ என்று ஒரு குசினிக்குள் போய், கடைசியில் தலைமைச் சமையற்காரராக வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இருதய ஒப்பரேசன் செய்த பிறகுதான் வீட்டில் இருக்கிறார். எங்கே உண்மையாகச் சமைக்கிறார்கள், எங்கே படம் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். மூன்று இடம் சொல்கிறார். பூஷோன் என்கிற இந்த ஊர்ப் பழைய சாப்பாட்டுக் கடையொன்று, நீள வாங்குகளும் சிவப்புக் கட்டத் துணியுமாக, கலகலப்பாக இருக்கும். சோன் ஆற்றங்கரையில் ஒன்று, மீனுக்குப் பேர்போனது. இன்னொன்று மேல்மாடியில், எட்டு மணிக்குத் திறப்பார்கள், யன்னலால் மாதா கோவில் தெரியும்.

எது பிடித்தாலும் எழுதுங்கள். எதுவும் பிடிக்காது என்று இவரோடு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
பிலோ


கிங்ஸ்பரி
06.10.2025, திங்கட்கிழமை

அன்புள்ள பிலோமினா,

25ஆம் திகதியிட்ட உன் கடிதம் 3ஆம் திகதி வெள்ளிக்கிழமை கிடைத்தது. பந்தயத்தில் நீ வென்றுவிட்டாய்.

பூஷோன் பற்றி இங்கே நூலகத்தில் விசாரித்தேன். பன்றிக் குடலும் ஈரலும் அங்கே விசேடமாம். வெள்ளிக்கிழமையில் அந்த மணமே எனக்கு ஆகாது. முன்பின் அறியாதவர்களோடு ஒரே வாங்கில் முழங்கை இடிபட இருப்பதும் இந்த வயதில் இயலாது. ஆற்றங்கரை என்றால் டிசம்பர்க் காற்று. என் நெஞ்சுச் சளி மூன்று வருடமாக என்னோடு குடியிருக்கிறது. மேல்மாடியில் எட்டு மணிக்குமுன் பரிமாற மாட்டார்கள். நான் ஆறரைக்குச் சாப்பிடுகிறவன் என்பது உனக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றையும் இப்போதே தெளிவாக்குவது நல்லது. உன் கணவர் வேலை செய்த எந்த இடமும் வேண்டாம். அவர் கைப்பட்டதும் அவர் பழக்கியவர்கள் சமைத்ததும் உன் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சமம் என்றே நான் கருதவேண்டியிருக்கிறது. குறையாக எடுத்துக்கொள்ளாதே. சத்தியம் செய்தவன் அதன் ஓட்டைகளையும் அடைத்தாக வேண்டும்.

இங்ஙனம்,
கஸ்பர் மரியநாயகம்


லியோன்
17.10.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை இவருக்குக் காட்டாமல் மடித்து வைத்தேன். "என்ன, எனக்குக் காட்டாத கடிதம்?" என்று எடுத்து வாசித்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர், இருட்டின பிறகுதான் மூச்சு வாங்க வாங்க வந்தார். "உன்ர அண்ணைக்கு ஒரு இடம் பிடிச்சிட்டன்" என்றார்.

மேட்டுப் பக்கத்தில், பச்சைக் கதவு போட்ட சின்னக் கடை. ஒரு வயதான பெண் நடத்துகிறார். இவர் ஒருநாளும் அங்கே வேலை செய்ததில்லை. அந்த அம்மாவுக்கு இவரைத் தெரியவும் தெரியாது. ஆற்று மீனை அரைத்து உருட்டி, இறால் சாறு ஊற்றிச் சுடுகிற ஒரு சாப்பாடு அங்கே திறமாம்; இவருக்கு மரக்கறியும் தருவாராம். எங்களுக்காக ஆறரைக்கே திறப்பாராம். காற்றுப் படாத மூலையில், மூன்று பேருக்குத் தனி மேசை. "உப்புக் குறைக்கச் சொன்னன், அவருக்குப் பிரஷர் இருக்குமெல்லோ" என்கிறார். உங்களுக்குப் பிரஷர் என்று யார் இவருக்குச் சொன்னது?

அண்ணை, ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை, இறைச்சி மணமில்லை, காற்றில்லை, அந்நியரில்லை, ஆறரை மணி. இந்த நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகிற ஒரு மேசை லியோனில் முன்னமே இருக்கிறது. வெள்ளியென்றால் இவர் சைவம், நான் இறைச்சி தொடமாட்டேன். ஆகவே கலியாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு மரக்கறிதான். இவருடைய மருந்துக் குளிசைக்காக ஆறரைக்கே சாப்பிடுகிறோம். அந்த மேசை என் குசினியில் இருக்கிறது.

சரி, விடுங்கள். பச்சைக் கதவில் சொல்லிவைத்துவிட்டோம்.

அன்புடன்,
பிலோ


கிங்ஸ்பரி
28.10.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிலோமினா,

பச்சைக் கதவுக் கடை எனக்குச் சம்மதம். டிசம்பர் 5, வெள்ளி, மாலை 6.30.

இருதய நோயாளி மேடேறி அலைவது புத்தியல்ல. இனி அப்படிச் செய்யவேண்டாமென்று உன் கணவரிடம் சொல். நான் நன்றி சொன்னதாகவும் சொல். உப்பு விடயத்தில் அவர் நினைத்தது சரி.

உன் கடிதத்தின் கடைசிக்கு முந்திய பந்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

அன்புடன்,
கஸ்பர் மரியநாயகம்


லியோன்
19.11.2025

அன்புள்ள அண்ணைக்கு,

10ஆம் திகதி திங்கள் காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிலோ, சீனி போட்டனியோ?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். இதெல்லாம் மகள் ஹம்சினி உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னதுதான். ஆனாலும் என் கையால் ஒருதரம் எழுதவேண்டும் போல இருந்தது.

14ஆம் திகதி நீங்கள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். சவச்சாலையில் என் தலையில் கை வைத்தீர்கள். அந்தக் கையின் பாரம் இன்னும் இருக்கிறது.

எல்லாரும் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட்டார்கள். உங்களுக்கு ஒரு இடம் விட்டு வைத்திருந்தேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று நீங்கள் வாசலோடு போய்விட்டீர்கள். ஸ்டேசனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததாகவும், லண்டனிலிருந்து கொண்டுவந்த பிஸ்கற்றைப் பிரித்துச் சாப்பிட்டதாகவும், கூட வந்த ஹம்சினி சொன்னாள். இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, மாமாவுக்கு எங்கட சாப்பாடு அலர்ஜியா?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னேன். நீங்கள் மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

டிசம்பர் 5ஆம் திகதி மேசையை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் முடியும்வரை நான் வெளியே போய் விருந்து சாப்பிடுவதில்லை. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள். மூச்சு வாங்க வாங்க அவர் உங்களுக்காகத் தேடிய இடம். அருள்நாயகி அண்ணியிடம் சொன்னதைச் செய்ய முடியாமற் போனது உங்கள் குற்றமல்ல.

இனி எழுதுவேனோ தெரியாது. கோபமில்லை அண்ணை. களைப்பு.

பிலோ


கிங்ஸ்பரி
27.11.2025, வியாழக்கிழமை

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். அதை முதலில் எழுதுகிறேன்.

23ஆம் திகதி ஞாயிறு, கிறிஸ்து அரசர் திருநாள் பூசை முடிந்தபின், பாதரிடம் என் சத்தியத்தைச் சொல்லி விளக்கம் கேட்டேன். நம் பக்கத்து இளம் பாதர்தான். பூசை உடுப்பைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "தங்கச்சி வீட்டிலை சாப்பிடமாட்டன் எண்டோ அந்தோனியாரிட்டைச் சொன்னனீங்கள்? அவர் அதை அண்டைக்கே காதிலை வாங்கியிருக்க மாட்டார், ஐயா. போய்ச் சாப்பிடுங்கோ" என்றார். உடுப்பை மடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். இந்தக் கேள்வியை இதற்கு முன் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை, பிலோ.

பச்சைக் கதவுக் கடை அம்மாவுக்கு மேசை வேண்டாமென்று அறிவிக்கும்படி ஹம்சினியிடம் இன்று காலை தொலைபேசியில் சொன்னேன். எனக்கு எந்த அலர்ஜியும் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். நீ வேண்டாமென்றாய்; பிள்ளையிடம் பொய் நிற்கக்கூடாது. "அப்ப ஏன் மாமா அண்டைக்குச் சாப்பிடேல்லை?" என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன். வந்து சொல்வேன்.

5ஆம் திகதி வெள்ளி, மற்றவர்கள் விளக்குப் பார்க்கப் போவார்கள். நான் ஆறரைக்கு உன் வீட்டில் இருப்பேன். எனக்கென்று விசேடமாக எதுவும் செய்யாதே. யோகலிங்கத்தின் கதிரையில் என்னை இருத்தாதே. அது இருந்தபடியே இருக்கட்டும். உப்பை அவர் சொன்ன அளவிலேயே போடு.

ரயிலில் ஒன்றும் சாப்பிடமாட்டேன். பசியோடு வருவேன்.

அண்ணை