ஆபத்தில்லாதவர் என்று எழுதினேன்

மார்ச் 3
காலை வகுப்பில் நான் வழக்கமாக நடத்தும் பாடம்: குற்றத்தைவிடக் குற்றத்தைப் பற்றிய பயம்தான் ஊரில் அதிகம். மாலை என் கணவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "உன் ஆள் வெளிய வந்துட்டான். பின்தெருவுல தையல் கடை மாடியில இருக்கானாம்."
என் ஆள்! கொலைக் கைதி. சிறையில் பேட்டி எடுத்து, 'இவரால் யாருக்கும் ஆபத்தில்லை' என்று விடுதலைக் குழுவுக்கு அறிக்கை கொடுத்தவள் நான்தான்.

மார்ச் 5
தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்தேன். "குற்றவியல் படிச்சுக் கிழிச்சது இதுதானா?" என்று இவருக்குச் சிரிப்பு.

மார்ச் 9
காய்கறிக் கடையில் 'என் ஆள்' எதிரே வந்து நின்றார். "நல்லா இருக்கீங்களாம்மா?" நான் குனிந்து பைக்குள் எதையோ தேடுவதுபோல நகர்ந்துவிட்டேன். சே.
வெளியே போனதும் என்ன செய்வீர்கள் என்று சிறையில் கேட்டிருந்தேன். "ஒரு கதவை நானே திறந்து நானே மூடணும்மா," என்றார். அதையும் அறிக்கையில் சேர்த்தேன். குழுவினர் உருகிப்போனார்கள்.

மார்ச் 14
இவர் வெளியூர். இருட்டத் தொடங்கும்போது வாசல் கேட் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. யோசிக்கவே இல்லை — போலீசுக்குப் போன் போட்டுவிட்டேன். வந்து பிடித்தார்கள். அவர்தான்.
"வேலை கிடைச்சிருக்கு, அம்மாகிட்ட சொல்லலாம்னு வந்தேன். உள்ள வரலாமா வேணாமான்னு..."
புகார் என்று ஒன்று வந்தாலே மறுபடி சிறை. விடுதலையின் நிபந்தனை அது. எனக்குத் தெரியாததா?

மார்ச் 16
துறைத்தலைவர் போனில்: "ஏமாந்துட்டேன்னு சொல்லி அறிக்கையை வாபஸ் வாங்கிடுங்க. பதவி உயர்வு வர்ற நேரத்துல இதெல்லாம் தேவையா?"
பதவி கிடக்கட்டும். நான் விடுதலைக் குழுவிடம் உள்ளதைச் சொல்லி, அவர் வெளியே வந்தால்? இப்போது என்மேல் ஆத்திரப்பட அவருக்குக் காரணம் இருக்கிறதே! சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் உள்ளேதான். என்னடி பண்ணப்போற?

மார்ச் 21
குழுவின் முன் அன்று நடந்ததை அப்படியே சொன்னேன். தலைவி கேட்டார்: "உங்களுக்கே அவரைப் பார்த்தா பயமா இல்லையா?"
"இருக்கு. ஆனா பயந்தது நான். அவர் கேட்டைத் திறந்து மூடினார், அவ்வளவுதான்."
அவரை விட்டுவிட்டார்கள். என்னிடம் இனி அறிக்கை கேட்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

மார்ச் 29
காய்கறிக் கடை வாசலில் அவர். வேலை எப்படிப் போகிறது என்று கேட்க வாயெடுத்தேன். என்னைக் கண்டதும் முகம் வெளிறி, சட்டென்று குனிந்து, பைக்குள் எதையோ தேடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்விட்டார்.
வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்தேன்.