காரத்தில் கிடந்த தகடு

என் ஜெயா, என் தங்கமே,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உனக்கு வேறு எதை எழுதுவது என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

அம்மா சர்ச்சுக்குப் போகிறாள், வருகிறாள். கரமனை வீட்டில் உன் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. உன் லேபுக்குப் புதிதாக ஒரு பாலக்காட்டுப் பெண் வந்திருக்கிறாள். நிக்கலையும் மாலிப்டினத்தையும் நீ குறித்துவைத்த அதே அளவில் உருக்கி ஆறு தகடு செய்துவிட்டாள். ஒன்றும் உன்னுடையதைப் போல் வரவில்லை. "சேச்சீ, சூடாக்குறது பத்தி ஜெயேச்சி வேற எதாச்சும் பறஞ்சிருந்தாங்களா?" என்று என்னிடம் கேட்கிறாள். அந்த லேபின் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான், என்னத்தைச் சொல்ல?

சாப்பிடும்போது நீ சொன்னதுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கப் பிளாட்டினம் நல்லது, ஆனால் யாரால் வாங்க முடியும்? அதனால் விலை குறைந்த இரண்டு உலோகங்களைச் சேர்க்கிறாய். "சும்மா கலக்குறது இல்லக்கா. ஒவ்வொரு அணுவும் அதுக்க எடத்துல உக்காரணும். அப்பதான் அது புது ஆளு." உன் கடைசித் தகட்டில் அப்படி உட்கார்ந்துவிட்டது. காரக் கரைசலில் மூழ்கி, குறைந்த வோல்டேஜிலேயே வாரக்கணக்கில் ஹைட்ரஜன் குமிழி விட்டது.

அப்போதுதான் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. லேபின் தலைவர் சார் டெல்லியில், மற்றவர்கள் லீவில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்தாய்.

"எக்கா, கரண்டு போச்சுன்னா தகட்டக் காரத்துலேருந்து உடனே வெளிய எடுத்துரணும், கேட்டியா? கரண்டு இல்லாம கெடந்தா மாலிப்டினம் கரைஞ்சு போயிரும்."

ஐந்து நாள் தகட்டைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு முறை கரண்டு போனது, ஓடிப்போய் எடுத்தேன். ஆறாம் நாள் மத்தியானம் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டு ஓடிவந்தேன். சாயங்காலம் மழையில் மரம் விழுந்து, லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வரும் லைன் அறுந்தது. ஆஸ்பத்திரி விளக்கு அணைந்து, ஜெனரேட்டரில் எரிந்தது. நீ கண் திறந்தாய்.

"கரண்டு போச்சா? எக்கா, தகடு?"

"எடுத்து வச்சிட்டுதான் வந்தேன் மக்கா."

உன் முகம் தெளிந்தது. மறுநாள் காலையில் போய்விட்டாய்.

பொய் சொன்னேன் ஜெயா. உன்னை விட்டுவிட்டு லேபுக்கு ஓடியிருக்க வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். கரண்டு வந்திருந்தது. தகடு காரத்திலேயே கிடந்தது. பழைய குமிழியில் பாதிகூட இல்லை. உன் நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இன்று சார் இறுதி அறிக்கையை டைப் செய்யக் கொடுத்தார். 'தகடு நீடிக்கவில்லை, தானாகவே செயலிழந்தது' என்று ஒரு வரி. அதற்குமேல் விரல் நகரவில்லை. உன் தகடா தோற்றது? உண்மையைச் சொன்னால் மட்டும் அது திரும்பி வருமா? அதை எப்படிச் செய்தாய் என்று கேட்க நீயும் இல்லையே.

ஆனாலும் நாளைக் காலை சார் முன்னால் நிற்பேன். "அது தானா கெடல்ல சார், நான்தான் விட்டுட்டுப் போனேன்" என்று சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் சரி. அந்த வரியைத் திருத்தி அடிக்காமல் வீடு திரும்பமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னிடம் பொய் சொல்லி உன்னை அனுப்பிவைத்த
உன் எக்கா,
கிரேஸ்