சோபாவோடு வந்த இரண்டு பேர்

மார்ச் 9

என் தங்கை பெற்ற தங்கமே, பாப்பா,

மாமா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ரத்தம் எடுக்கிற வேலையில் யார் கையில் குத்தினாலும் வலிக்காமல் குத்தி, சௌக்கியமாக இரு. போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அத்தை ஒன்பது வார்த்தை பேசிவிடுகிறாள். கடிதத்தில் அவளால் குறுக்கே வர முடியாது.

வக்கீல் போய் இன்றோடு முப்பத்தோரு நாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் விமானம் ஏறும்போது, "பத்திரம் மாமா" என்று உன் நாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன். அவன் போன விதத்தைப் போன கடிதத்திலேயே எழுதினேன், இருந்தாலும் இன்னொரு தடவை எழுதுகிறேன். அப்படி ஒரு சாவு மந்திரிக்கும் கிடைக்காது. தலைமாட்டில் டாக்டர், கால்மாட்டில் இரண்டு கம்பவுண்டர்கள், தலை என் மடியில். உன் போட்டோ மாட்டிய சுவரை ஒரு பார்வை பார்த்தான். எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைத்தே வக்கீல் என்று பேர் வாங்கியவன், அன்றைக்கு ஒரு சத்தம் போடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு நாயைப் பாத்ததில்ல சார்" என்றார்.

இப்போது புதுச் செய்தி. பதறாதே. நம் குஷன் கடைக்கு இரண்டு நாய்கள் வந்திருக்கின்றன. நான் தேடிப் போகவில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய சோபாவைத் துணி மாற்றி விற்கச் சொல்லி மகன் அனுப்பியிருந்தார். வேன் கதவைத் திறந்தால், சோபா மேல் இரண்டு பேர் டிக்கெட் எடுத்த பயணிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்! டிரைவர் தலையைச் சொறிகிறார். "இறங்க மாட்டேங்குதுங்க அண்ணே. அவரு மகன் உங்களையே வச்சுக்கச் சொல்லிட்டாரு."

ஒன்று பழுப்பு. இன்னொன்று கறுப்பும் வெள்ளையும், ஒரு காது மடங்கியது. ராஜா காலத்து வேட்டை நாய் வம்சம், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். "தெரு நாய்க்கு அரண்மனை ஜாதகம் எழுதாதீங்க" என்கிறாள் அத்தை.

சோபாவின் பழைய துணியை உரித்து வெளியே போட்டேனா, இரண்டும் போய் அந்தத் துணி மேல் படுத்துக்கொண்டன. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. அந்தக் கிழவரின் வாசனை அதில்தானே இருக்கிறது! என் அனுபவத்தில் சட்டென்று பிடித்துவிட்டேன். (தான் சொல்லித்தான் தெரிந்தது என்பாள் அத்தை, நம்பாதே.) அதே துணியைத் திரும்பச் சோபாவில் தைத்துப் போட்டேன். மகனுக்கு வேறு சோபா செய்து கொடுத்துவிட்டேன். கிழிந்த துணியை எடுத்துவிட்டுக் கிழிந்த துணியையே போட்ட குஷன்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

மே மாதம் லீவில் வருகிறாய் அல்லவா? பக்கத்துக்கு ஒன்றாக உட்கார வைக்கிறேன். மனசு லேசாகிவிடும்.

இப்படிக்கு,
ஏழு தெருவுக்கும் ஒரே குஷன் நிபுணன்,
உன் தாய்மாமன்

—

மார்ச் 20

மாமாவுக்கு,

ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு நாய்கள். நான் இன்னும் அவன் போட்டோ வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டு, அந்த டாக்டருக்கு நன்றி சொல்லலாம் என்று கூப்பிட்டேன். "நம்ம வக்கீலா? அவனப் பாத்து ஆறு மாசம் ஆச்சேம்மா. எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா இருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அளவு டேப்பால் திருடனைக் கட்டிப்போட்ட கதையைச் சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் திருடன் அரை அடி வளர்ந்தான். நான் ஒரு தடவையாவது கேள்வி கேட்டேனா? இதில் மட்டும் வேண்டாம் மாமா. அவன் எப்படிப் போனான்? பக்கத்தில் யார் இருந்தது? அது தெரியாமல் நான் மே மாதம் வருவதாக இல்லை. புது நாய்களைப் பற்றியும் எழுதாதீர்கள்.

பாப்பா

—

மார்ச் 29

பாப்பா,

இது நாலாவது கடிதம். முதலாவதில் அந்த டாக்டருக்கு ஞாபக மறதி என்று எழுதினேன். இரண்டாவதில், வந்தது வேறு டாக்டர். மூன்றாவதில் அந்த வேறு டாக்டர் கப்பல் ஏறிப் போய்விட்டார். அத்தை வாங்கிப் படித்தாள். "புள்ளைகிட்டயுமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அன்று காலை அவன் பால் குடிக்கவில்லை. வயசாகிவிட்டது, சாயங்காலம் குடிப்பான் என்று நினைத்தேன். பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. எப்போதும் வண்டியில் முன்னால் ஏறிக்கொள்பவன், அன்றைக்குக் கதவு வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டான். "இருடா, இதோ வந்துடறேன்" என்றேன்.

பத்து நிமிடத் தூரம். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். பல் வலியோடு உட்கார்ந்திருந்த நாலு பேரிடம், கப்பல் கேப்டனுக்கு நான் சீட் தைத்த கதையை எடுத்துவிட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். யாராவது சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, உனக்குத் தெரியுமே. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது, தையல் மெஷின் பக்கத்தில் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தான். கூப்பிட்டேன். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. அத்தை அன்றைக்கு அவள் அக்கா வீட்டில். டாக்டர் இல்லை, மடி இல்லை, ஒருவரும் இல்லை.

அவன் தனியாகப் போனான் என்று எழுதக் கை வரவில்லை பாப்பா. அதனால்தான் கடிதத்திலாவது அவனைச் சுற்றி நாலு பேரை நிற்க வைத்தேன்.

எழுதாதே என்றாய், ஒன்றே ஒன்று எழுதிவிடுகிறேன். அந்த இரண்டையும் வந்த அன்றே விரட்டிவிடத்தான் இருந்தேன். பழுப்பு நாய் சோபாவிலிருந்து இறங்கி வந்து, கதவைப் பார்த்தபடி படுத்தது. செத்துப்போன மனுஷனுக்காகக் காத்திருக்கிறது. எனக்குக் கை ஓங்க மனசு வரவில்லை. வக்கீலுக்குப் பதிலாக நான் யாரையும் கொண்டுவரவில்லை.

நீ வராவிட்டால் அது என் தப்புத்தான்.

மாமா

—

ஏப்ரல் 8

அன்புள்ள மாமா,

ஆஸ்பத்திரியில் உடை மாற்றுகிற அறையில் நின்றபடியே படித்தேன். அழுகை வந்தது. ஆனால் உங்கள் மேல் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? கிடைத்தது. பதினைந்து நாள். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிற போட்டோவை அத்தை அனுப்பியிருந்தாள். அவன் முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதை நேரில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை மாமா. பதினைந்து நாளும் இங்கே நான் தங்கியிருக்கிற அறையிலேயே படுத்துக் கிடந்தேன். நீங்கள் இரண்டு மணி நேரம் போய்விட்டு வந்தீர்கள். நான் போனவள் வரவே இல்லை.

மே 14 வருகிறேன். வந்ததும் அந்த இரண்டு பேரோடும் ஒட்டிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச நாள் என் அறைக்குள் விடாதீர்கள். பழுப்பு நாய் இப்போது சாப்பிடுகிறதா?

அந்த டாக்டர் கதை இருக்கட்டும். கடைக்கு வருகிறவர்களிடம் அப்படியே சொல்லுங்கள். யாராவது என்னிடம் கேட்டால், நானும் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பாப்பா

—

ஏப்ரல் 17

என் தங்கமே,

சாப்பிடுகிறது. தன்னுடையதை முடித்துவிட்டு மடங்கின காதுடையதையும் சாப்பிடுகிறது. நேற்று ஒரு யானை அளவுக்கு... சரி, ஒரு தட்டு. உன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இரண்டும் வெளியே உட்கார்ந்து அதையே பார்க்கின்றன, அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்றைக்குப் பல் ஆஸ்பத்திரியில் இன்னொரு நாற்காலி. வக்கீல் எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். தலைமாட்டில் டாக்டர் என்று ஆரம்பித்தேன். கம்பவுண்டர்கள் வரைக்கும் வந்துவிட்டேன். ஒரு அம்மா வாயில் பஞ்சோடு, "அப்புதம்?" என்று மிச்சக் கதையைக் கேட்கிறார். "மன்னிச்சுக்கோங்கம்மா, கடையில ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம். இதில் ஒரு நிமிடம்கூட நான் குறைத்துச் சொல்லவில்லை. வேண்டுமானால் அத்தையைக் கேள்.

உன் மாமா