ஜாக்கெட்டின் இடது கை

காட்டூர், திருச்சி

அன்பு மகள் ப்ரீத்திக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்டு வைக்க இந்தத் தடவை மனம் வரவில்லை, நீயும் வழக்கம்போல் நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிடுவாய். போனில் ஆரம்பித்தால் டப்ளின் குளிரைப் பற்றிச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாய், அந்தச் சாமர்த்தியம் தெரிந்துதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி.

அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்ததே, செருப்பு மாட்ட முடியாமல் போன பிறகுதான் என் பேச்சைக் கேட்டு டாக்டரிடம் வந்தார். சிறுநீரில் புரதம் போகிறதாம், கிட்னி கெட ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை போட்டு உப்பையும் எடையையும் குறைத்தால் பிடித்து நிறுத்தலாம் என்றார் அந்த டாக்டரம்மா. இவருக்குச் சர்க்கரைகூடக் கிடையாதே என்றேன். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்க வீட்ல இதே மாதிரி உடம்பு வேற யாருக்காவது இருந்துச்சா, கிட்னி கெட்டுப்போனவங்க உண்டா என்று கேட்டார். நான்தான் ஜெபமாலை அத்தையைப் பற்றிச் சொன்னேன், இவரோட தங்கச்சி, எங்க வீட்ல இருந்துதான் டயாலிசிஸ் போயிட்டு வந்தாங்க, முப்பத்தெட்டு வயசுல தவறிட்டாங்க என்று. வாயைக் கட்டாமல் தின்றுதான் அப்படியானாள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பேசினார்கள். சோறு போட்டவள் நான், எனக்குத் தெரியும், அத்தை என்னைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுவார். டாக்டரம்மா சொன்னது வேறு, உடம்பு பெருக்கிற வாகு சில குடும்பங்களில் பிறப்போடு வருமாம், சர்க்கரை இல்லாவிட்டாலும் அந்தப் பெருத்த உடம்பே கிட்னிக்கு வேலையை ஏற்றி ஏற்றிக் கெடுக்கலாமாம், இரண்டும் எப்படி வம்சத்தில் சேர்ந்து வருகிறது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். வந்தே தீரும்னு இல்லைங்க, முன்னாடியே கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம், பிள்ளைங்களையும் பாக்கச் சொல்லுங்க என்றார்.

வீட்டுக்கு வந்தால் உன் மெசேஜ் வந்து கிடந்தது, போட்டோவோடு. கிறிஸ்துமஸ் ஜாக்கெட் வந்துருச்சும்மா, அளவெடுத்துத் தச்ச மாதிரி கச்சிதமா இருக்கு, இடது கை மட்டும் கொஞ்சம் லூஸு என்று. என் பழைய அளவு ஜாக்கெட் பத்தாது, பெருசா எதையாவது கொடும்மா என்று நீதான் சொன்னாய். நீ பிறந்த பிறகு நான் பூசினாற்போல் இருந்தபோது தைத்த கத்தரிப்பூ ஜாக்கெட் பீரோ அடித்தட்டில் கிடந்தது, அதைத்தான் பாலக்கரை நஸ்ருல்லா பாயிடம் அளவுக்குக் கொடுத்தேன். அவர் தையலில் ஒரு கை மட்டும் எப்படி லூஸாகும் என்று திரும்பி வந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். இடது கையில் தையலைப் பிரித்து ஒரு ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டவள் நானேதான். ஆனால் ஜாக்கெட் என்னுடையது இல்லை. நானும் அத்தையும் ஒரே துணியில் தைத்துக்கொண்டோம், இது அவருடையது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவருக்கு இடது முழங்கைக்கு மேலே ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்தார்கள், அந்த இடம் புடைத்துக்கொண்டே வந்தது, கை நுழையவில்லை என்று ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். தொட்டால் உள்ளே அதிரும். நீ சின்னவளாக அதில் காதை வைத்துக்கொண்டு, அத்தை கைக்குள்ள பூனை உறுமுது என்பாய். ப்ரீத்தி, உன் தோளும் மார்பும் முதுகும் அப்படியே அவர் அளவாக இருக்கிறது, அந்த ஒரு இடம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த ஜாக்கெட்டை மடித்து வைக்க எனக்குப் பயமாக இருந்தது. கட்டில் மேல் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஃபேன் காற்றில் அந்த இடது கை மட்டும் உப்பி உப்பி அடங்குகிறது, வலது கை அசையக்கூட இல்லை. ஃபேனை நிறுத்தினேன், அப்புறமும் அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நல்ல மத்தியான வெளிச்சத்தில்தான் இது நடந்தது. சாயங்காலம் உன் போட்டோவை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, இது எப்ப எடுத்தது, பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா என்றார். பாப்பா என்று அவர் கூப்பிட்டது தங்கையை மட்டும்தான். அது நீ என்று நான் சொல்லவில்லை.

உன்னைக் குண்டு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அப்படி நினைத்தாயானால் அடி வாங்குவாய். இந்த வாரமே போய்ச் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பிரஷர் மூன்றும் பார், அப்பாவைப் பற்றியும் அத்தையைப் பற்றியும் அங்கே டாக்டரிடம் மறைக்காமல் சொல். தலைவலி என்று கண்ட மாத்திரையை நீயாக விழுங்காதே. பட்டினி கிடக்காதே, நட. வீடியோவில் உன் கண் இமை உப்பியிருந்ததே, தூக்கம் இல்லம்மா என்றாய், நம்பத்தான் ஆசை.

வேளாங்கண்ணி மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார் அப்பா. ரிசல்ட் எதுவானாலும் எனக்கு அனுப்பு. அந்த ஜாக்கெட்டின் இடது கையை யாரிடமும் கொடுத்துப் பிடித்துத் தைத்துவிடாதே. கிறிஸ்துமஸ் அன்று அதைப் போட்டுக்கொண்டு வீடியோவில் வா, கையைத் தூக்கிக் காட்டு. அது லூஸாக இருப்பதை நான் பார்க்க வேண்டும், என் கண் மூடும்வரை வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

உன் அம்மா,
அருள்மேரி