பத்தாவது தடவை

அன்புள்ள சுண்டெலிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாடுகிறேன், சித்தி இரண்டு வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா போன் திறந்ததாப்பா என்று நீ கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கிட்டே இருக்கேன்மா என்று வாய் தானாகப் பொய் சொல்லிவிடுகிறது. மூன்று வாரமாக இதே பொய். எழுதும்போது அப்படி வரவில்லை. அம்மா போனில் இருந்ததெல்லாம் போய்விட்டதம்மா. நான்தான் அழித்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பதினொரு நாளும் மூச்சு இடம் கொடுத்தபோதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவள் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். குட்டிக்குக் கதை, முழுசா முடிச்சுட்டு மொத்தமா அனுப்பறேன் என்று உன்னிடமும் சொல்லியிருந்தாள் அல்லவா. நான் காதைக் கொடுத்தால், இது உங்களுக்கில்ல, போய் டீ குடிச்சிட்டு வாங்க என்று துரத்துவாள். பன்னிரண்டாம் நாள் காலையிலும் அப்படித்தான் போனேன், திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டித் தேய்ந்த அவள் விரல் ரேகையை அந்தப் போன் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை, ஆறு இலக்க எண் ஒன்றுதான் வழி. அந்த எண்ணை நான் கேட்டு வைத்ததில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பூட்டுக்கடையில் உட்கார்ந்து, ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொண்ணு நம்பிக்கையான ஆள்கிட்ட என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதியவன் நான். என் வீட்டில் இரண்டாவது சாவி இல்லை.

நீ அழுதபோது, உங்கப்பன் திறக்காத பூட்டு இந்த ஊரில் கிடையாது என்று மார்தட்டினேன். என் வேலை உனக்குத் தெரியும், கொத்துச் சாவியை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்ப்பேன், சேராததை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பேன், பொறுமை இருந்தால் எதுவும் வழிக்கு வரும். இதையும் அப்படித்தான் நோட்டில் எழுதி எழுதிப் போட்டேன். உன் பிறந்த நாள், குட்டி பிறந்த நாள், எங்கள் கல்யாண நாள், அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. போன் முதலில் ஒரு நிமிஷம் பொறு என்றது, அப்புறம் ஐந்து, அப்புறம் ஒரு மணி நேரம். சந்தேகப்பட்டுப் போன் கடைப் பெண்ணிடம் கேட்டால் அவள் பதறிப்போய், நிறுத்துங்க அங்கிள், கூட வேலை பார்த்த டீச்சரோட போன் திருடு போனதும் ஆன்ட்டி பயந்துபோய் வந்து, பத்து தடவை தப்பாப் போட்டா எல்லாம் அழியற மாதிரி வச்சுக்கிட்டாங்களே என்றாள். அதற்குள் ஒன்பது ஆகியிருந்தது. கம்பெனிக்கு இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் கணக்கை மூடுவார்களாம், உள்ளே இருப்பதை எடுத்துத் தரமாட்டார்களாம். வேறெங்கும் நகலும் இல்லை. இடம் நிறைந்துவிட்டது, நகல் எடுக்க முடியவில்லை என்று போன வருஷமே அறிவிப்பு வந்தது, இது என்னன்னு பாருங்க என்று என்னிடம்தான் நீட்டினாள். எல்லாம் விளம்பரம், தள்ளிவிடு என்றேன்.

ஒரு வாரம் அதில் எந்த எண்ணும் போடவில்லை. பிறகு ஒருநாள் கடையில் சாவி அராவிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று தோன்றியது, நீ வெளிநாட்டுக்குக் கிளம்பிய நாள். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு வேறு எந்த நாளாக இருக்க முடியும். அந்தப் பெண் சொன்னதெல்லாம் மறந்து போச்சு, நோட்டில் எழுதக்கூட இல்லை, போட்டுவிட்டேன். திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகி வணக்கம் என்றது, இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சித்தியிடம் சொன்னபோது, அக்கா அவ கிளம்பின நாளைப் பத்திப் பேசவே மாட்டாளே, நல்லபடியா வந்து சேர்ந்துட்டேம்மான்னு அவ கூப்பிட்ட நாளைத்தானே சொல்லிக்கிட்டே இருப்பா என்றாள். அது மறுநாள். அதுதான் எண்ணோ இல்லையோ, இனித் தெரிய வழியில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவளுக்கு எது பெரிய நாள் என்று எனக்குத் தெரியவில்லை. குட்டிக்கு அந்தக் குரல் கிடைக்காது. இப்போதெல்லாம் கடையைத் திறக்கவே கை வருவதில்லை. என்னை நன்றாகத் திட்டு, திட்டினால் தேவலை.

இன்னொன்றையும் மறைத்தேன். அம்மா போன பிறகும் அவள் நம்பருக்கு நீ எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பூட்டிய திரையில் ஒன்றரை வரி தெரியும், மீதி புள்ளிகளாக நிற்கும். அதற்காகவே தினமும் சார்ஜ் போட்டு வைத்தேன். அம்மா, குட்டிக்கு இன்னொரு பல் வந்திருச்சு என்று எழுதியிருந்தாய். அப்பா ஒழுங்கா சாப்பிடறாரான்னே தெரியல, கேட்டா என்று ஒருநாள் பாதியில் நின்றது, அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட்டேன். இந்த மூன்று வாரமாக நீ எழுதியது எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பத்திரமாக எடுத்து வை. என் மின்னஞ்சலின் ரகசியச் சொல், போட்டோக்கள் எதில் இருக்கின்றன, எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை மூடிவிட வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறேன். இன்னொரு பிரதி பக்கத்துக் கடை டைலரிடம் இருக்கிறது. என் போனுக்குப் பூட்டையே எடுத்துவிட்டேன், யார் தொட்டாலும் திறக்கும். நீயும் உன்னுடையதை இன்றைக்கே எழுதி மாப்பிள்ளையிடம் கொடு, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருந்துவிடாதே.

மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய், இனி அந்த நம்பருக்கு எழுதாதே. எனக்கு எழுது. அம்மா என்றே ஆரம்பித்து எழுதம்மா, நான் கடைசி வரிவரைக்கும் படிக்கிறேன்.

உன் அப்பா