போட்டுப்போட்டு

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். கழுத்து இடப்பக்கம் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா கட்டில் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கின வினை. அம்மா போய், காரியமும் முடிந்து, கும்பகோணத்திலிருந்து கோவை திரும்பியாயிற்று. இன்னும் அழவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

சரவணம்பட்டி டாக்டர் தசை இறுகியிருக்கிறது என்றார். தளர்த்த மாத்திரை. இன்னும் என்னவோ சொன்னார். நான் அவர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை அக்கா: "ராத்திரி சாப்பிட்டு, மாத்திரையப் போட்டுப்போட்டுப் படுத்துக்கங்க கண்ணு. வண்டி கிண்டி எடுத்துறாதீங்க."

வாங்க: தோசை மாவு, பல்ப், தைலம்.

நவ. 4, செவ்வாய்
காலையில் செந்தில் உலுக்கி உலுக்கி எழுப்பினாராம். நினைவில்லை. நாக்கு வறட்சி, கால் பஞ்சு. மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "மூணு எப்படிக் காலி?" என்றார். வலித்தபோதெல்லாம் போட்டேன், போட்டுப் போட்டுப் படுக்கச் சொன்னார்களே என்றேன்.

சிரித்துவிட்டார். "எங்கூர்ல போட்டுப்போட்டுன்னா போட்டதுக்கப்பறம்னு அர்த்தம், அம்மணி. ஒரே ஒண்ணு." பிறகு சிரிப்பு நின்றது. "டாக்டரக் கேக்கலாமா?" வேண்டாம் என்றேன். அதற்குள் வெள்ளகோவிலில் இருக்கும் அவர் அம்மாவுக்குப் போன் போய்விட்டது. அங்கேயும் ஒரே சிரிப்பு. எட்டு வருஷமாக இவரோடு குடித்தனம் செய்தும் இந்த ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை.

மத்தியானம் அம்மாவின் புடவைப் பையைப் பிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மடித்து வைத்தேன்.

நவ. 5, புதன்
மழை. நேற்று ராத்திரி இரண்டு போட்டேன். அர்த்தம் தெரிந்த பிறகு.

காலையில் ஸ்கூட்டரில் ஆபீஸ். எடுத்திருக்கக் கூடாது. சிக்னல் தாண்டி லாரி ஒன்று கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. பின்னால் ஒருவர், "ஏனுங்க, தூங்கிட்டு ஓட்டறீங்களா?" பயமே வரவில்லை. வரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இன்று மாத்திரை இல்லை. அட்டையைச் செந்தில் கையில் கொடுத்தேன். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "நானும் வாரேன்" என்றார்.

நவ. 6, வியாழன்
வெயில். காரில் போனோம். எத்தனை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்க, செந்தில் முந்திக்கொண்டார். "இவங்க ஊர்ப் பேச்சு வேறங்க சார். தப்பாப் புரிஞ்சுபோட்டாங்க." டாக்டரும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"முதல் ராத்திரி புரியாமத்தான். மறுநாள் புரிஞ்சேதான் போட்டேன்" என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அதிகமாப் போட்டா மூச்சே மந்தமாயிருங்க. மிச்சத்த இங்கயே குடுத்துருங்க." வீட்டில் ஏதாவது துக்கமா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா என்றேன். கழுத்துக்குப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். மனசு விட்டுப் பேசுவதற்கு ஒரு டாக்டரம்மா, சனிக்கிழமை.

திரும்பும்போது செந்தில் ரேடியோ போடவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "வலிக்குதா, அம்மணி?" என்றார்.

வலிக்கிறது என்றேன்.

கழுத்தைப் பிடித்துவிடக் கையை நீட்டினார். அங்கே இல்லை என்றேன்.