காப்புக் கட்டிய வாரத்தில் வாக்கெடுப்பு

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

தனா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். பகல் ஷிப்ட் உள்ள நாளில் என் மகள் மதியம் வருகிறாள் என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று பொருள். அப்படி நினைத்துதான் வெந்நீர் வைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கேண்டீனில், சாப்பாட்டு நேரத்தில், யூனியனில் சேரும் பாரத்தைக் கொடுத்தாளாம். ஒழுங்கு மீறல் என்கிறார்கள். விசாரணை வைப்பார்களாம்.

புக்கிட் பெருந்துங் கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக பேக்கிங் பகுதியில் இருக்கிறாள். என் பேரன் சரணின் அப்பா போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் பிள்ளை வளர்ந்தான். அவனுக்கு இந்த வருடம் பள்ளிக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். வேறு.

நான் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டுமோ?

24 ஏப்ரல், வியாழன்

இன்று பொறுமையாக உட்கார வைத்துக் கேட்டேன். யூனியன் எதற்கு, அப்படி என்ன கொடுமை நடக்கிறது என்று. அவள் பெரிய கதையெல்லாம் சொல்லவில்லை. கழிவறைக்குப் போக ஒரு வரிசைக்கு ஒரே ஓர் அட்டைதானாம். அட்டை கையில் இல்லாமல் எழுந்து போனால் பெயரை எழுதிக்கொள்வார்கள். முன்னால் போனவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

டீச்சராக இருந்தபோது நான் நடத்திய இரண்டாம் ஆண்டு வகுப்பு நினைவுக்கு வந்தது. நானும் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும், கொண்டுவந்து வைத்தால் அடுத்த பிள்ளை போகலாம். ஆனால் அவசரம் என்று முகத்தைச் சுருக்கிய பிள்ளையைக் கட்டை வரும்வரை நிறுத்தி வைத்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்ததை ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இவர்கள் கொடுப்பதில்லை.

இதைத் தனாவிடம் சொன்னேன். "இப்ப புரியுதுல்ல?" என்றாள். புரிகிறது. பயம் மட்டும் குறையவில்லை.

30 ஏப்ரல், புதன்

தேதி முடிவாகிவிட்டது. யூனியன் வேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளர்கள் ரகசியமாக வாக்களிப்பார்கள். அரசாங்க இலாகா அதிகாரிகள் தொழிற்சாலைக்கே வந்து நடத்துவார்களாம். இலாகா இரண்டு தேதி கொடுத்தது. கம்பெனி மே 21 போதும் என்றது. யூனியன் சார்பில் போன தனாவும் உடனே சரி என்றுவிட்டாள். சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று அவளுக்கு எண்ணம். இந்த ஒரு வாரத்தில் இன்றுதான் சோற்றைப் பிசைந்து ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

தோற்றால்? கேட்கவில்லை. தோற்றால் அந்த விசாரணையில் அவள் பக்கம் நிற்க ஆள் இருக்காது. அது எனக்கே தெரிகிறது.

4 மே, ஞாயிறு

கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் சின்னத்தாயைப் பார்த்தேன். தனாவோடு ஒரே வரிசையில் வேலை செய்பவள், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவள். வாழைப்பூ பேரம் பேசிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"பதினாறாந் தேதி காப்பு கட்டறோம் டீச்சர். இருபத்தஞ்சாந் தேதி தீச்சட்டி. நீங்க கண்டிப்பா வரணும்."

கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினாறு முதல் இருபத்தைந்து. நடுவில் இருபத்தொன்று.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கையில் காப்புக் கட்டியவர்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்ட மாட்டார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் இது கஷ்டமில்லை. வேலையும் எல்லைக்குள், குடியிருக்கும் லயத்து வீடும் எல்லைக்குள். இப்போது தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுவது வெளிநாட்டுப் பையன்கள். நம் பெண்கள் விடியலில் வேனேறி புக்கிட் பெருந்துங் போகிறார்கள். திருவிழாவுக்கு மொத்தமாக லீவு போட்டுவிட்டு எல்லைக்குள் இருந்துகொள்வார்கள். யூனியனுக்குத் தைரியமாகக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் இந்தப் பெண்கள்தாம்.

தனாவுக்கு இது தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? பள்ளிக் குவார்ட்டர்ஸில் பிறந்து, தோட்டத்துக்கு வெளியே தமான் குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் யாரும் காப்புக் கட்டியதில்லை. திருவிழாவுக்குக் கடைசி நாள் போவோம், நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள், பொங்கல் சாப்பிட்டு வருவோம். விருந்தாளிக்கு வீட்டின் விதிகள் தெரியாது.

5 மே, திங்கள்

தேதியை மாற்ற முடியாதாம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது, இனி இரண்டு தரப்பும் கேட்டால்தான் மாற்றலாம் என்று அதிகாரி சொன்னார். கம்பெனி கேட்காது.

மனிதவளப் பிரிவில் இருக்கும் திவாகரன் அதே தோட்டத்துப் பிள்ளை. அவன் அம்மா வருடா வருடம் காப்புக் கட்டுகிறாள். அவனுக்குத் தெரியாமலா இருபத்தொன்று என்று வந்தது?

தனா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு வார்த்த யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

8 மே, வியாழன்

உடையப்பனைப் போய்ப் பார்த்தேன். கோவில் தலைவர் அவர்தான். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன்களும் அவருடையவைதான். மரியாதையாக மைலோ கொடுத்தார். அந்த ஒரு நாளுக்கு மட்டும், ஓட்டுப் போட்டுவிட்டு நேரே திரும்பி வர, கோவிலில் அனுமதி சொல்ல முடியுமா என்று கேட்டேன். பரீட்சை நாளில் காய்ச்சல் வந்த பிள்ளைக்குத் தனி அறையில் பரீட்சை வைப்பதில்லையா என்று உதாரணமும் சொன்னேன்.

"டீச்சர், கோவில் சட்டம் நான் எழுதல லா. காப்பு கட்டுனவங்கள நானே வேன்ல ஏத்தி எல்லை தாண்டிக் கொண்டுபோயி, நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா ஊரே என்னையத்தான் கேக்கும்."

தொழிற்சாலை வேன் காண்ட்ராக்ட் உங்களிடம் இல்லையென்றாலும் இதையேதான் சொல்வீர்களா என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "பிள்ளைங்கள நிக்க வெச்சுக் கேள்வி கேக்குற பழக்கம் உங்களுக்கு இன்னும் போகல."

 இருபத்தொன்றாம் தேதி வேன் ஓடாது என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

11 மே, ஞாயிறு

சின்னத்தாய் வீட்டில் பெண்கள் கூடினார்கள். நானும் தனாவும் போனோம். தனா எழுந்து நின்று, தப்பு என்னுடையது, கேட்காமல் தேதிக்கு ஒத்துக்கொண்டேன் என்றாள். 

பிறகு அன்னம்மா, மாதா கோயிலுக்குப் போகிறவள், சொன்னாள்: "எங்களுக்குக் காப்பும் இல்ல, எல்லையும் இல்ல. ஒங்க எல்லாரு ஓட்டையும் நானே குத்திட்டு வந்துடறேன், போங்க."

"ஒனக்கு என்னா, போயி ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா மன்னிப்பு. எங்க ஆத்தா அப்பிடியா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். 

இந்த வருடம் காப்பே கட்டாமல் இருந்துவிடலாமே என்று தனா மெதுவாகக் கேட்டாள். முடியாது. ஆளுக்கொரு வேண்டுதல். சின்னத்தாயின் மகள் துளசிக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. தீச்சட்டி அதற்காக.

சின்னத்தாய் கடைசியில்தான் பேசினாள்.

"நான் காப்பும் கட்டுவேன், ஓட்டும் போடுவேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். அவளும் பொம்பளதான. அட்டைக்கு நிக்கிற பாடு அவளுக்குத் தெரியாதா?"

வரும் வழியெல்லாம் தனா உற்சாகமாக இருந்தாள். நான் துளசியை நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

12 மே

சின்னத்தாய் வராமல் இருந்தால் நல்லது என்று காலையிலிருந்து நினைக்கிறேன். இதைத் தனாவிடம் சொல்ல முடியாது.

16 மே, வெள்ளி

காப்புக் கட்டிவிட்டார்கள். மஞ்சள் கயிறு, வேப்பிலை. நான் போகவில்லை, தனா போனாள். யாரும் முகம் திருப்பவில்லையாம். ஒரு பெண் மட்டும், "ஒம் பொழப்புக்காக எங்களச் சாமி குத்தத்துக்கு ஆளாக்காத" என்றாளாம். அவளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "ஒன்னும் சொல்லலம்மா. அவ சொன்னதுல தப்பு இல்லியே."

19 மே, திங்கள்

வண்டிக்கு அலைச்சல். வேன் வாடகைக்குக் கேட்ட இடத்திலெல்லாம் உடையப்பன் சொந்தம், உடையப்பன் சிநேகிதம். கடைசியில் தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரா முகைதீன் பாயைக் கேட்டேன். கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏற்றிப்போகும் பெரிய வேன் அவரிடம் இருக்கிறது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படிக்கவில்லை. எந்தக் கடமையும் இல்லை. தருகிறேன் என்றார். பிறகு தயங்கினார்.

"டீச்சர், உள்ள ஆட்டுக்கறி வாசம் ஊறிப் போயிருக்கும். வெரதத்துல இருக்கவங்க எப்படி உக்காருவாங்க?"

சாயங்காலம் போனபோது அவரே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எலுமிச்சையும் சோப்பும் போட்டு வேனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையாம்.

21 மே, புதன்

எழுதக் கை ஓடவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

விடிந்ததும் தோட்டத்து முகப்புக்குப் போனோம். பாயின் வேன், என் பழைய வீவா கார், சில மோட்டார் சைக்கிள். காப்புக் கட்டியவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தார்கள். வேனில் ஏறியதும் ஒருத்தி மூக்கை உறிஞ்சி, "பாய், கறி எங்க?" என்றாள். பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சின்னத்தாய் என் காரில் முன் சீட்டில். எல்லைக் கல் வந்தபோது வண்டியை மெதுவாக்கினேன். நிறுத்தச் சொல்வாளோ என்று பார்த்தேன். கையிலிருந்த காப்பை மறு கையால் மூடிக்கொண்டு நேரே பார்த்தாள். "ஓட்டுங்க டீச்சர்." 

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. மதியத்துக்கு மேல் எண்ணி முடித்தார்கள். ஏழு ஓட்டில் ஜெயம்.

தனா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் திரும்பும்போது ஒரு லோரி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். அதன் பிறகு வீடு வரும்வரை நாற்பதைத் தாண்டி ஓட்டவில்லை. இனி நாலு நாளில் யாருக்கு எது நடந்தாலும் அதற்கு நாங்கள்தாம் காரணம்.

25 மே, ஞாயிறு

திருவிழா. எல்லை தாண்டியவர்கள் தீச்சட்டி எடுக்கக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். பூசாரி கார்த்திகேசு முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உடையப்பன்தான் ஒரு முடிவு சொன்னார்: எடுக்கட்டும், எல்லோருக்கும் பின்னால் வரட்டும்.

வந்தார்கள். மேளம் முன்னால் போய்விட்டது. கூட்டமும் மேளத்தோடு போய்விட்டது. மேளம் இல்லாத தெருவில் அந்தப் பெண்கள் சட்டியோடு நடந்தார்கள். சின்னத்தாய் கடைசி. தனா அவர்களுக்குப் பக்கத்தில் வாளியிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நின்று பார்த்தேன்.

3 ஜூன், செவ்வாய்

இரண்டு வாரம் என்றவர்கள் ஆறு வாரம் இழுத்து விசாரணையை முடித்தார்கள். தனாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். யூனியன் ஜெயித்தது. என் மகளுக்கு வேலை இல்லை.

12 ஜூன், வியாழன்

துளசியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். தோட்டத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சின்னத்தாய்க்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். கை வேலையாக இருக்கலாம். என்னோடு பேசப் பிடிக்காமலும் இருக்கலாம்.

ரத்த அழுத்தம் எத்தனையோ பேருக்கு வருகிறது. வேனில் போகாதவர்களுக்கும் வருகிறது. இதை எத்தனை தடவை எனக்கே பாடம் நடத்துவது?

14 ஜூன், சனி

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். சின்னத்தாய் காலையில் கூப்பிட்டுச் சொன்னாள், இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தாளாம். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சரண் வந்து, "யாருக்கு என்ன பாட்டி?" என்று பயந்துபோனான்.

20 ஆகஸ்ட், புதன்

தனா மறுபடி வேலை கேட்டு இலாகாவில் கொடுத்த மனு அப்படியே நிற்கிறது. காலையில் மீரா முகைதீன் பாய் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். சாயங்காலம் யூனியன் கூட்டம். நான் எதுவும் கேட்பதில்லை.

9 அக்டோபர், வியாழன்

ஒப்பந்தம் பேச இன்று முதல் கூட்டம். யூனியன் பக்கம் சின்னத்தாய், அன்னம்மா, இன்னும் மூன்று பேர். தனாவை உள்ளே விடமாட்டோம் என்று கம்பெனி முன்கூட்டியே சொல்லிவிட்டது, நீக்கப்பட்டவளாம். எல்லா விவரமும் தெரிந்தவள் அவள்தான். அதனால் நான் காரைக் கேட்டுக்கு எதிரே நிறுத்தினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அன்னம்மா வெளியே வந்தாள். கார் ஜன்னலில் தலையை விட்டு ஏதோ கேட்டாள், தனா சொன்னாள், போனாள். பிறகு சின்னத்தாய். மறுபடி அன்னம்மா. இப்படியே நடந்துகொண்டிருந்தது. காவலாளி நேப்பாளத்துப் பையன், கேட்டைத் திறந்து திறந்து அலுத்துப்போய்ப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டான்.

உள்ளே என்ன பிரச்சினை என்று மூன்றாவது தடவைதான் எனக்குப் புரிந்தது. சம்பளம், ஓ.டி., கழிவறை அட்டை எதையும் இவர்கள் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை. முதலில் தனேஸ்வரியை வேலைக்கு எடுங்கள், அதன் பிறகு மற்றது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். தனாவே ஜன்னல் வழியாகக் கெஞ்சினாள்: "அக்கா, என் விஷயம் கேஸ்ல இருக்கு. நீங்க மத்தது பேசுங்க."

"நீ சும்மா இரு" என்றாள் சின்னத்தாய்.

பிறகு காவலாளி ஒரு விசிட்டர் பாஸோடு வந்தான். உள்ளே வந்து பேசட்டும் என்றார்களாம். தனா பாஸைப் பார்த்தாள். வாங்கவில்லை. "நான் இங்க விசிட்டர் இல்ல" என்று மலாயில் சொன்னாள். அவன் திரும்பிப் போனான்.

நான் பொறுமைக்காரி என்று பேர் வாங்கியவள். அந்த நேரத்தில் என்னால் முடியவில்லை. எதுக்கும்மா இந்த வீம்பு, கூப்பிட்டப்ப போயிடு, பிள்ளை பரீட்சை எழுதப் போறான், மறுபடி கூப்பிடாட்டி என்னா பண்ணுவ என்று கத்திவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.  வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து அன்னம்மாகூட வரவில்லை. எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன்.

திவாகரன்தான் வந்தான். டையைத் தளர்த்திவிட்டிருந்தான். என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான்:

"அக்கா, வாங்க. பாஸ் வேணாம்."

போனாள். பாதி திறந்திருந்த கேட் வழியாக நிமிர்ந்து போனாள். கார் உள்ளே அனலாகிவிட்டது. எதிரே மரத்தடி காலியாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் தேடுவாளே என்று வண்டியை நகர்த்தவில்லை.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். அடுத்த கூட்டம் இரண்டு வாரம் கழித்து, சம்பளத்திலிருந்து பேசுவார்களாம். பெண்கள் ஏதேதோ சத்தமாகப் பேசிக்கொண்டே பின் சீட்டில் நெருக்கி ஏறினார்கள். தனா முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"அம்மா, திங்கக்கெழம பகல் ஷிப்ட். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி விடு."